வங்கிக்குள் வந்த கடல்

கடல் வங்கிக்குள் நுழைந்தபோது அமலோற்பவம் மூன்றாவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வங்கியின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கதவு. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து அது மரியாதையாக விலகிக் கொடுக்க, ஒரு முழ அகலத்தில் நுரை தள்ளிக்கொண்டு உள்ளே வந்த தண்ணீர், பணம் கட்ட நின்றவர்களின் வரிசையைச் சுற்றி, குடிதண்ணீர் இயந்திரத்தைச் சுற்றி, வெயிலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு புத்த பிக்குவின் பாதங்களைச் சுற்றி, புதுக் கணக்கு திறக்கும் மேசைக்கு அடியில் வந்து, அவள் காலையும் அவள் கணவர் தஸ்நேவிஸின் காலையும் கணுக்கால்வரை நனைத்துவிட்டு, அவசரமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போனது. போன இடத்தில் ஒரு சிப்பியும் இரண்டு நண்டுக் குஞ்சுகளும் கிடந்தன. காவலாளி விளக்குமாறு எடுத்துவந்து மூன்றையும் முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோனான்.

"ஒண்ணுமில்ல அமலி, பைப்பு ஒடஞ்சிருக்கும்" என்றார் தஸ்நேவிஸ்.

"பைப்புத் தண்ணியில நண்டு வராது" என்றாள் அவள், குனிந்து பார்க்காமலே.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நிப்பா என்கிற பெண் அதிகாரி, தெறித்த துளிகளில் மை கலைந்துபோன காகிதங்களை மின்விசிறிக்குக் கீழே பரப்பிப் பார்த்துவிட்டு, இவை இனி செல்லாது, நாளைக்கு வந்து புதிதாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஊரில் அதற்குமுன் கடல் வந்ததில்லை. தாய்லாந்தின் வடக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோலக் கிடந்த மே தூன் என்ற சின்ன ஊர் அது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அதற்காகத்தான் அமலோற்பவம் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

தஸ்நேவிஸ் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறை வேலை பார்த்தவர். வருடத்தில் பத்து மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. தூத்துக்குடிக்குத் தெற்கே, மாதா கோயில் மணியும் அலைச் சத்தமும் ஒன்றாகவே கேட்கிற கடற்கரை ஊரில், அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அமலோற்பவம் கடலைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, கோயில் வாசலில் நின்று சொன்னாள், பங்குச் சாமியாரிடம் சொன்னாள், கடலின் முகத்துக்கு நேராகவும் சொன்னாள். ஒரே மகள் கன்னியாஸ்திரி ஆகி வடக்கே ஏதோ மிஷனுக்குப் போய்விட்டாள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்று, "மிச்ச நாளைக்காவது இவ சத்தம் கேக்காத ஊர்ல என்னக் கொண்டு வையுங்க" என்று அவள் கேட்டாள். கொடைக்கானல் போகலாமே என்றார்கள் சொந்தக்காரர்கள். அங்கே போனால் விடுமுறைக்கு விடுமுறை நம் ஊர்க்காரர்கள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து இறங்குவார்கள் என்று சொல்லிவிட்டாள். தஸ்நேவிஸுக்கு ஒரு தடவை கப்பல் பழுதுபார்க்க நின்ற காலத்தில் ரயிலேறிப் போய்ப் பார்த்த மே தூன் நினைவுக்கு வந்தது. அங்கே குளிரும், லிச்சிப் பழமும், குறைந்த வாடகையும் இருந்தன. ஐம்பது தாண்டிய வெளிநாட்டுக்காரர்கள் தங்கிக்கொள்ள ஓய்வுக்கால விசா என்று ஒன்றும் இருந்தது. அந்த விசாவுக்கு அந்த நாட்டு வங்கி ஒன்றில் அவர்கள் பெயரில் கணக்கும் அதில் பணமும் இருக்கவேண்டும். பணம் இருந்தது. கணக்குத்தான் திறக்கவேண்டியிருந்தது.

மறுநாள் போனார்கள். கடலும் வந்தது. இந்தத் தடவை முழங்கால் உயரத்துக்கு வந்து, நாற்காலிகளை மெதுவாகச் சுவரோரம் ஒதுக்கிவைத்துவிட்டுப் போனது. நிப்பா கால்களைத் தூக்கி மேசையின் கம்பியில் வைத்துக்கொண்டு, சின்னக் குரலில், இந்த விஷயத்தை நான் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியாகவேண்டும், தவறாக நினைக்காதீர்கள் என்றாள். தலைமை அலுவலகம், கடலோடு வருகிற வாடிக்கையாளரைப் பற்றித் தங்கள் விதிகளில் எதுவும் இல்லை என்பதால் யோசித்துச் சொல்கிறோம் என்றது. அவர்கள் அந்த நாட்டில் இருக்க வாங்கியிருந்த அனுமதியோ அந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் ஊருக்குத் திரும்பவேண்டும். வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களுக்கு ஊரில் திரும்பிப்போய் நிற்க ஒரு கூரை கிடையாது.

மே தூன்காரர்கள் கடலுக்கு இடம் கொடுக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அது வங்கித் தெருவையும் சந்தையையும் தாண்டி, தஸ்நேவிஸும் அமலோற்பவமும் வாடகைக்கு எடுத்திருந்த மரவீட்டின் படிவரை காலையும் மாலையும் ஏறி இறங்கத் தொடங்கியதும், வங்கி தன் வேலை நேரத்துக்குப் பக்கத்தில் அலை நேரத்தையும் எழுதி ஒட்டியது. பிக்குகள் பிச்சைக்கு வரும்போது காவி உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். நூடுல்ஸ் கடைக்காரி அடுப்பை ஒரு மேடைமேல் ஏற்றிவைத்து, தெருவிலேயே பிடித்த இறாலைத் தெருவிலேயே பொரித்தாள். மருந்துக்கடைக்கும் தையல் மெஷின் கடைக்கும் நடுவே இருந்த சந்தில், முன்பு குப்பைத்தொட்டி தெரிந்த இடத்தில், இப்போது தொடுவானம் தெரிந்தது, சாயங்காலமானால் சூரியன் அந்தச் சந்துக்குள்தான் இறங்கியது. பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காத கிழவர்களையும் கிழவிகளையும் மலைக்கிராமங்களிலிருந்து டிராக்டரில் ஏற்றிவந்து இறக்கினார்கள். அவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். சிலர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கேள்விப்பட்டது உண்மைதான் என்று தலையாட்டிக்கொண்டார்கள்.

கடல் யாருக்காக வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. கப்பல்காரர் வந்தார், கடல் வந்தது. தஸ்நேவிஸுக்கு முடிவெட்டுகிறவன் காசு வாங்க மறுத்தான். சந்தையில் வயதானவர்கள் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். முதல் வாரம் கூச்சப்பட்டார். அடுத்த வாரம் தானும் கைகூப்பப் பழகிக்கொண்டார். ஒரு மாலை, காய் வாங்கிக்கொண்டு திரும்பிய அமலோற்பவம், அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்தச் சந்தில் கால் நனைய நின்று, இடுப்பில் கைவைத்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"நீங்கதான கூப்பிட்டீங்க?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"எத?"

"அவள."

"ஏட்டி, கடலை எவனாவது கூப்பிட முடியுமா? அது என்ன நாய்க்குட்டியா?"

"கூப்பிடாம எதுக்கு இத்தன மலையேறி வாரா? முப்பது வருசம் வச்சிருந்தது பத்தலையாமா? அனுமதி முடியப்போவுது, பேங்க்ல பதில் இல்ல, நடுத்தெருவுல நிக்கப்போறோம், நீங்க அவ கூட நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கீங்க."

"நான் சிரிக்கல."

"நான் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர்கள் சோறு போடவும் கதவு அடைக்கவும் தேவையான சொற்களைத் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை. அவள் கதவிடுக்குகளிலும் ஜன்னல் இடுக்குகளிலும் பழந்துணியைச் சுருட்டி அடைத்தாள். அப்படியும் சத்தம் வந்தது. ஊரில் கேட்ட அதே சத்தம்.

இந்த நேரத்தில்தான் அவர்கள் இன்ன முகவரியில் குடியிருக்கிறார்கள் என்று தூதரக அலுவலகத்திலிருந்து ஒரு சான்று வேண்டும் என்று நிப்பா சொன்னாள். அதற்குப் பெரிய நகரத்துக்குப் போகவேண்டும், போய்வர ஒரு முழுநாள். தஸ்நேவிஸ் மட்டும் போனால் போதும் என்றதும் அமலோற்பவத்துக்கு வெகுநாளைக்கப்புறம் மனம் லேசானது. அவர் பின்னாலேயே அதுவும் போகும், ஒருநாளாவது இந்த வீடு காய்ந்து கிடக்கும் என்று நினைத்தாள். விடிந்ததும் அவரை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் மலைவளைவில் மறைகிறவரை பார்த்துவிட்டு, தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடல் அங்கேயே இருந்தது.

பஸ் போன பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் நடந்தாள், அதுவும் நகர்ந்தது. அவள் சந்தைப் பக்கம் போனாள், சந்தைக்கு வந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்று, ஆளில்லாத நேரத்தில் கரையில் கேட்குமே, மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அந்தச் சத்தத்தோடு காத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வேகமாக ஏறிக் கதவை அடைத்தாள். பழந்துணிகள் ஒவ்வொன்றாக ஊறி விழுந்தன. அடுக்களையில் அவள் நின்ற இடத்துக்கு, வேறு எங்கும் பரவாமல், ஒரு சின்ன அலை நேராக வந்து அவள் பாதத்தைத் தொட்டது.

அமலோற்பவம் அரிவாள்மணைப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருடச் சாயங்காலங்கள் அவளுக்கு ஒன்றாகத் திரண்டு வந்தன! விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் கரைக்குப் போய், வலை உலர்த்தும் இடத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, அவள் கடலைத் திட்டுவாள். எங்கடி வச்சிருக்க அவர, எப்படி வச்சிருக்க, சாப்பிட்டாரா என்று கேட்பாள். திட்டித் தீர்ந்தபின் எழுந்துபோக மனமில்லாமல் மற்றதையும் சொல்வாள். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்வாள், மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று சொல்வாள், நாத்தனார் நகையைத் திருப்பித் தரவில்லை, மழைக்கு ஓடு மாற்றவேண்டும், மகள் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள், என்ன சொல்லட்டும் என்று கேட்பாள். இருபதில் தொடங்கி ஐம்பத்தைந்துவரை அவள் அதிகமாகப் பேசியது புருஷனிடம் இல்லை, மகளிடம் இல்லை, சாமியாரிடம் இல்லை. ஒருநாள் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

தஸ்நேவிஸ் இருந்ததோ கப்பலின் வயிற்றுக்குள். எண்ணெயும் சூடும் இரைச்சலும் தவிர அவர் என்னத்தைக் கண்டார்? கடலுக்கு அவரைத் தெரிந்திருக்கவே நியாயமில்லை.

அவள் இதைச் சீரணிப்பதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றது. ஊருக்கு மேற்கே சரிவில் லிச்சித் தோட்டம் வைத்திருக்கும் பா கம். பா என்றால் அந்தப் பக்கத்தில் பெரியம்மா முறை. அமலோற்பவத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவள், மண் ஏறிய பாதங்கள், தலையில் பனையோலைத் தொப்பி. வந்த புதிதில் ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. பா கம் கதவைத் தள்ளிக்கொண்டு அடுக்களைவரை வந்தாள். ஒரு லிச்சிக் கிளையை அவள் கையில் வைத்தாள். இலைகள் ஓரத்திலிருந்து கருகிச் சுருண்டு, நடுவில் வெள்ளை படிந்திருந்தன. அமலோற்பவம் ஒரு இலையை நாக்கில் வைத்தாள். உப்பு.

பா கம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுக்களையில் அவள் பாதத்தடியில் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அந்த நிமிடம் இரண்டு பேருக்குத் தெரிந்தது. அவளிடம் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அமலோற்பவத்துக்குத் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும்.

மாலையில் தஸ்நேவிஸ் சான்றோடு திரும்பி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தெருவைப் பார்த்துவிட்டு, "நான் போனப்ப ஏங்கிப்போயிருக்குமோ" என்றார் பாதி வேடிக்கையாக. அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவருக்குப் பின்னாலேயே நிப்பாவின் தொலைபேசி வந்தது. தலைமை அலுவலகம் சம்மதித்துவிட்டது, நகரத் தலைவரே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள், கூட்டுக் கணக்காகத் திறந்துவிடலாம். தஸ்நேவிஸ் தொலைபேசியை வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அவள் கையைப் பிடித்தார். பல நாளைக்கப்புறம் பிடித்த கை. அதை உதறவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல், அவள் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை வங்கியில் மாலை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் திரண்டிருந்தது. மீன் பொரிக்கிறவர்கள், விடுதி வைத்திருப்பவர்கள், படகு செய்யப் பழகிக்கொண்டிருந்த தச்சர்கள் முன்னால் நின்றார்கள். தோட்டக்காரர்கள் பின்னால், கதவோரம் நின்றார்கள். அலை நேரம், எல்லோரும் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள், யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. இவர்கள் இருக்கும்வரை கடலும் இருக்கும், கடல் இருக்கும்வரை நம் பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போகவேண்டியதில்லை என்று நகரத் தலைவர் பேசினார். தஸ்நேவிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். கூட்டத்துக்குப் பின்னால் பனையோலைத் தொப்பி தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நான் சொல்லுதத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த மாத்தக்கூடாது."

"என்ன சொல்லப்போற?"

"இது உங்க பின்னால வரல. என் பின்னால வந்தது."

தஸ்நேவிஸ் மொழிபெயர்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்க."

"அமலி, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். அன்னைக்கு நீங்க பஸ் ஏறிப் போனீங்க, அது வரல. எங்கூட அடுக்களைக்குள்ள வந்துச்சு. நான்தான் அதுக்குப் பேசிப் பேசிப் பழக்கம் பண்ணிவிட்டிருக்கேன்."

"அப்ப என்னத் தேடி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அத்தனை வருடம் யாரோ தனக்காகக் காத்திருப்பதாக நினைத்து ஒரு வாசலில் போய் நின்றவர், அந்த வீட்டில் தன் பெயரே யாருக்கும் தெரியாது என்று கேட்டவர்போல நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், ஒரு வார்த்தை மாற்றாமல் நிப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார், அவள் அதைக் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் சொன்னாள். அவர் மாற்றவில்லை என்பது எதிரே மாறிக்கொண்டே போன முகங்களில் அவளுக்குத் தெரிந்தது.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நகரத் தலைவர் கையமர்த்தினார். "யாருக்காக வந்தால் என்னம்மா? இருந்தால் போதும். தோட்டத்துக்காரர்களுக்கு வேறு ஏதாவது வழி செய்வோம்." பின்னால் இருந்து ஒரு தோட்டக்காரர் கத்தினார். முன்னால் இருந்து ஒரு மீன்காரி பதிலுக்குக் கத்தினாள்.

"கணக்க அவரு பேர்ல மட்டும் எழுதச் சொல்லுங்க" என்றாள் அமலோற்பவம். "நான் இதக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

நிப்பா தண்ணீரில் எழுந்து நின்றாள். முதல்முறையாக அதிகாரி மாதிரி இல்லாமல், வீட்டுப்பெண் மாதிரிப் பேசினாள். "செவ்வாய்க்கிழமையோடு உங்கள் அனுமதி முடிகிறது. மனைவி என்ற முறையில் உங்களுக்கு விசா கிடைக்கும், ஆனால் அதற்குள் விசா அலுவலகத்தில் நீங்கள் நேரில் வந்து நிற்கவேண்டும். ஒருநாள் தவறினாலும் நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான். திரும்ப எப்போது விடுவார்கள் என்று என்னால் சொல்லமுடியாது."

தஸ்நேவிஸ் அதைத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, "வேண்டாம் அமலி" என்று தன் சொந்த வார்த்தையையும் சேர்த்தார்.

சனிக்கிழமை விடியலில் பா கம் தன் பழம் ஏற்றுகிற பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தஸ்நேவிஸும் கிளம்பி நின்றார். விசா அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகவேண்டியது நீங்கள், நீங்கள் போகாவிட்டால் இரண்டு பேருக்குமே இல்லாமல் போய்விடும் என்று அவள் தடுத்தாள். அவர் அவளுடைய பையில் சேலையை மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைத்திருந்தார்.

"எப்ப வருவ?" என்றார்.

இந்தக் கேள்வியை வழியனுப்புகிற பக்கத்தில் நின்று அவர் கேட்டதில்லை. புறப்படுகிற பக்கத்தில் நின்று அது அவள் காதில் விழுந்ததும் இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

அமலோற்பவம் வண்டியின் பின்தட்டில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். பேச்சை நிறுத்தினால் கடல் தயங்கியது. ஆகவே மலைவளைவுகளில் இறங்கும்போதும், நெல்வயல்களுக்கு நடுவே ஓடும்போதும், பெட்ரோல் பங்கில் பா கம் காசு கொடுக்கும்போதும் பேசினாள். பின்னால் கடல், நெடுஞ்சாலையின் ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, லாரிகளுக்கு வழிவிட்டு வந்தது. ஊர்கள்தோறும் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சாலையோரக் கடைக்காரர்கள் பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, அது போனபின் திரும்ப வெளியே வைத்தார்கள். சுங்கச்சாவடியில் ஒரு பெண் வண்டிக்கு மட்டும் ரசீது கொடுத்துவிட்டு, தடுப்புக்கட்டையை வெகுநேரம் தூக்கியே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பேச்சு தீர்ந்துபோனது. பழைய கதைகள் எல்லாம் அதற்குத் தெரிந்தவை. குரல் கட்டிவிட்டது. ஒரு சாலை முக்கில், இடப்பக்கம் பச்சைப்பசேலென்று வயல்கள் விரிந்துகிடந்த இடத்தில், கடல் நின்றது. பிறகு வயலைப் பார்த்துத் திரும்பியது. பயிருக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பா கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தாள், அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது.

அமலோற்பவம் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"இங்க பாரு" என்றாள், வெளியே வராத குரலில். "உன்னச் சக்களத்தின்னு சொன்னேன். ஊரே கேக்கச் சொன்னேன். சொல்லாத ஒண்ணு இருக்கு, அதச் சொல்லுதேன், வா. அவரு லீவுல வந்து நிக்கிற ரெண்டு மாசமும் நான் கரைக்கு வரமாட்டேன், கவனிச்சிருப்ப. புருசன் வீட்ல இருக்கையில பொம்பளைக்குக் கரையில என்ன வேலைன்னு நானே நெனச்சுக்குவேன். சாயங்காலமானா மீன அரிஞ்சுக்கிட்டே காத மட்டும் உங்கிட்ட அனுப்பிருவேன். அவரு என்னமோ சொல்லிக்கிட்டிருப்பாரு, எனக்குக் கேக்காது. அவரு திரும்பக் கப்பலேறப் போன அன்னைக்கெல்லாம் ஊரே என்னப் பாவம்னு சொல்லும். நான் அழுதுக்கிட்டேதான் உங்கிட்ட வந்தேன். பொய்யா அழல. ஆனா காலு வேகமா வந்துச்சு."

வயல்வரப்பில் ஏறியிருந்த தண்ணீர் இறங்கியது. சாலைக்கு வந்தது. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், இரண்டு நாளாக ஒரு தூரம் விட்டே வந்த கடல், பின்தட்டுப் பலகைவரை வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவள் கால்களை நனைத்தபடியே கூட வந்தது. அதன்பிறகு அவள் பேசவில்லை. அதற்குத் தேவைப்படவும் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் வளைகுடாவின் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் நிலையம் ஒன்றும், தேங்காய் விற்கிற கடைகளும், அவற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய கடலும். பா கம் மணல்வரை வண்டியைக் கொண்டுபோனதும் என்ஜின் ஒரு தடவை இருமி நின்றுவிட்டது, உப்பு ஏறிப்போயிருந்தது. அமலோற்பவம் இறங்கித் தண்ணீருக்குள் நடந்தாள். பின்னால் வந்தது அவளைக் கடந்து, இடுப்பைச் சுற்றி ஒரு தரம் சுழன்று, முன்னால் போனது. போய்க் கலந்தது.

அவ்வளவுதான். அவள் நின்று பார்த்தாள். ஏதாவது ஒரு அலை திரும்பி வரும், ஏதாவது ஒரு அடையாளம் காட்டும் என்று எதிர்பார்த்து நின்றாள். எல்லா அலைகளும் வந்தன. எல்லாம் ஒன்றுபோலவே வந்தன. எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கூப்பிட்டுப் பார்க்க வாயெடுத்தாள், அத்தனை வருடத்தில் அதற்கென்று ஒரு நல்ல பெயர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கரையேறி மணலில் உட்கார்ந்தாள். யாரும் காத்திருக்காத ஒரு கரையில், யாருக்காகவும் காத்திருக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை. மார்புக்கூட்டுக்குள் ஒரு அறை காலி செய்யப்பட்டு, சுவர் மட்டும் எதிரொலித்தது.

பா கம் அவள் தோளைத் தொட்டாள். வண்டியைக் காட்டி, மெக்கானிக் வரவேண்டும் என்று கையால் சொன்னாள். பிறகு பஸ் நிலையத்தைக் காட்டினாள். பிறகு தன் மணிக்கட்டைத் தட்டினாள். வடக்கே போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதை விட்டால் அடுத்தது மறுநாள் மாலை. மறுநாள் மாலை ஏறினால் செவ்வாய்க்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர்வது சந்தேகம்.

அமலோற்பவம் எழுந்தாள். பத்து அடி நடந்து நின்று, திரும்பாமல் காதை மட்டும் பின்னால் விட்டாள். அலைகள் அவற்றின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பா கம் தன் பனையோலைத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவள் ஓடினாள். ஈரச்சேலை காலைத் தடுக்க, ஐம்பத்தைந்து வயதில் ஒரு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

ஓட்டுநர் கதவை மறுபடி திறந்தார். நடத்துநர் அவள் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீரையும், படியில் ஒட்டிய மணலையும் பார்த்தார். கடலோடு ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி வருகிறாள் என்ற செய்தி அவருக்கு முன்பே வந்திருக்கவேண்டும். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை என்று விரல்களை விரித்துக் கேட்டார்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். தார்ச்சாலை காய்ந்து கிடந்தது.

ஒரு விரலைக் காட்டினாள்.